மணிக்கட்டில் ஒரு சேவல்

நம்பாதவர்கள் மண்டபத்துச் சமையல்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். குழம்புக்காகக் கட்டிவைத்திருந்த சேவல்களும் அன்று பதிலுக்குக் கூவின.

எனக்கு எச்.ஐ.வி உண்டு. மாத்திரையில் அது அடங்கிக் கிடக்கிறது; என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் உடம்பின் காவல் இன்னும் தேறவில்லை. பிறர் மூச்சில் வரும் கிருமி என்மேல் சுலபமாக ஏறிவிடும். அதனால் மணிக்கட்டுத் தோலுக்கடியில் அரிசி அளவு யந்திரச் சேவல் ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கெட்ட கிருமி கிட்டே வந்தால் கூவும், நோயின் பெயரையும் சொல்லும்.

தங்கை பேத்திக்குக் காதுகுத்து. குழந்தைக்குத் தாய்மாமன் இல்லாததால், அவள் அம்மாவின் தாய்மாமனான என் மடியில்தான் குழந்தையை உட்காரவைக்க வேண்டும். ஒரு வாரமாகக் குஷியில் எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் பிள்ளையின் அப்பாவைப் பெற்ற ஒச்சப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீக அண்ணே. உங்க சீக்கு பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா?" என்று சொல்லி இருமினார்.

"கொக்கரக்கோ! காசநோய்!"

மண்டபமே என்னைப் பார்த்தது. கையை ஒச்சப்பன் பக்கம் நீட்டினேன்; கூவல் கூடியது. இழுத்தேன், குறைந்தது.

"பயப்படாதப்பா, மாத்திரையில சரியாப்போகும். இப்ப எட்டப் போய் நில்லு!" என்றேன்.

பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். சேவல் வாயே திறக்கவில்லை. என் மடியில் வைத்தார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும், வாயில் துண்டைக் கட்டியபடி ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒச்சப்பன் கத்தினார்:

"அண்ணே, நல்லா அணைச்சுப் பிடிங்க! திமிறுவா!"