படம் வந்துச்சா

டி.வி.க்குப் பின்னால் மண்டியிட்டு, வயரை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி, இப்போது தெரிகிறதா என்று கேட்டான் அப்துல் சமது.

டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்சத் பீவி, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றாள்.

அவள் அவன் மனைவி. கல்யாணமான மாதமே துபாய்க்குப் போனவன், மூன்று வருடம் கழித்து இப்போதுதான் லீவில் சொந்த ஊரான கம்பத்துக்கு வந்திருந்தான். வரும்போது துணிமணிக்கு நடுவே பொதிந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். முதலாளியின் மகன் புதிது வாங்கியதும் இதை அவனுக்குக் கொடுத்துவிட்டானாம்.

பார்க்க டைப்ரைட்டரின் முன்பாதி மாதிரி இருந்தது. டி.வி.யோடு சேர்த்தால்தான் எழுத்து தெரியும்.

அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் புள்ளியும் கோடுமாக ஏதோ நடுங்கியது. அதோடு சரி.

ஆனால் ஓடியாக வேண்டும்.

சமதுவின் அத்தா, அம்சத்தின் மாமனார் அப்துல் ஜலீல் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பது போல இதை வைத்து ஒரு கிளாஸ் நடத்தலாம், கடை மாடியை ஒழித்துக் கொடுத்தால் போதும், நான் திரும்பிப் போகவில்லை என்று சமது அவரிடம் சொல்லியிருந்தான். ஓடட்டும், பார்க்கலாம் என்றார் அத்தா.

ஓடாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம்.

முதல் நாள் வீடே கூடி நின்று பார்த்தது. மாமியார், நாத்தனார், நாத்தனார் பிள்ளைகள், அடுத்த வீட்டுக்காரர்கள். புள்ளியையும் கோட்டையும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். இன்றைக்கு அந்த அறையில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

அவன் வந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் இருவரும் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

காலையில் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த தூசியைத் துடைத்தான். கருப்பேறிய இடங்களை அழிரப்பரால் தேய்த்தான். அம்சத் டார்ச் பிடித்தாள். எல்லாம் முடிந்து இப்போது சந்தேகம் வயர் மேல் வந்து நின்றது.

டி.வி. பெரியது. பின்னால் இருந்தவனின் முழங்கை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

வயரைத் திருகிக்கொண்டே, இந்த மூன்று வருடத்தில் என் குரல் உனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டான்.

அம்சத் உண்மையைச் சொன்னாள். குரல் கொஞ்ச நாளிலேயே மறந்துவிட்டது. தும்மல்தான் ஞாபகம் இருந்தது. தெருவில் யார் தும்மினாலும் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

 சமது சிரித்த சிரிப்பில் வயர் ஆடியது.

வயர் ஆடியதும் புள்ளியும் கோடும் காணாமல் போயின.

திரை முழுக்க நீலம். துடைத்து வைத்தது போல நீலம். மேலே ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி, அதற்குக் கீழே தனியாக ஒரு வார்த்தை. அம்சத் உத்தமபாளையத்தில் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டாமலே படித்தாள்.

ரெடி.

அதன் அடியில் ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி அணைந்தது.

வெள்ளிக்கிழமை அவன் போகப்போவதில்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வீடு மொத்தமும் இந்த அறைக்குள் வந்துவிடும்.

"தெரியுதா?" என்றான் சமது.

"இல்லங்க. இன்னும் வரல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சரி, இப்போது என்ன தெரிகிறது என்றான். பச்சையாக ஒரு கோடு என்றாள். நேராகவா, வளைந்தா? வளைந்து. எந்தப் பக்கம் ஓடுகிறது? முதலில் இடப்பக்கம் ஓடியது, இப்போது மனசு மாறிவிட்டது. அதில் சிவப்பு ஏதாவது கலக்கிறதா? கலக்கிறது, மீன் மாதிரி நீந்துகிறது.

மீன் பெரிதா, சிறிதா என்று சமது ரொம்ப அக்கறையாகக் கேட்டான்.

அயிரை அளவு என்றாள். ஒன்றுதானா என்றான். இல்லை, குடும்பத்தோடு வந்திருக்கிறது என்றாள்.

சிரிப்பு தொண்டைக்கு ஏறிவிட்டது. இருமி மறைத்தாள். பின்னால் அவனும் இருமினான். ஒரே தூசி என்றான்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

இது ஓடினால் கிளாஸில் முதல் ஆளாக நீ சேர்வாயா என்று கேட்டான். அம்சத் மாமனாரைப் போலவே குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, ஓடட்டும், பார்க்கலாம் என்றாள். சொல்லிவிட்டு, அதிர்ந்துபோய்த் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அப்போது பார்த்து முற்றத்தில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பகல் தொழுகை முடித்து மாமனார் வந்துவிட்டார்.

"ஏலே சமது, படம் வந்துச்சா?"

அம்சத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது. இனி சமது அவளைக் கேட்பான். மாமனார் காதுபடப் பொய் சொல்ல முடியாது. அவர் அறைக்கே வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் இத்தனை நேரமும் நின்றிருந்த பீரோவின் கண்ணாடியில் நீலத் திரை முழுசாகத் தெரிந்தது.

திரைக்கு மேலே சமதுவின் முகம் தெரிந்தது. வயரை எப்போதோ விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் டி.வி. மேல் மடித்து, அதில் முகவாயை ஊன்றியிருந்தான். சிரிப்பை அடக்கக் குனிந்தே இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொள்ளச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடியில் அவளையே பார்த்தபடி அவன் அத்தாவுக்குப் பதில் சொன்னான்.

"இன்னும் வரலத்தா."