பூஜ்யம் காட்டிய கம்பி

கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டமான டிரஸ்ஸை மூட்டு மூட்டாகக் கணினித் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தாள் மருமகள். பக்கத்தில் மாமியார், வெல்டிங் பட்டறையின் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சட்டம் எடையைத் தாங்குமா என்று கணக்குப் போடும் மென்பொருள் நேற்றுதான் வந்தது. பத்து வருடமாக அதோடு குடித்தனம் நடத்தியவள் போல அவள் விரல்கள் ஓடின.

டிரஸ் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியம்தான் கஷ்டம்: அத்தை, நாளையிலிருந்து நீங்கள் பட்டறைக்கு வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

புருஷனும் அவளும் சேர்ந்து எடுத்த முடிவு. ஒரு பட்டறைக்கு இரண்டு அதிகாரம் ஒத்துவராது. சொல்லும் வேளை வந்ததும் அவன் நைசாக நழுவிவிட்டான். வாசலில் நிற்கும் லாரியைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

சரி, முதலில் டிரஸ். அது ஜம்மென்று ஓடினால் அத்தையே ஒப்புக்கொள்வார்.

ஒரு முனையை அசையாமல் பூட்டினாள். மறுமுனையை உருளை மேல் உட்கார வைத்தாள். எடையை ஏற்றிப் பொத்தானைத் தட்டினாள்.

இழுபடும் கம்பிகள் நீலமாயின, நசுங்கும் கம்பிகள் சிவப்பாயின. ஒவ்வொன்றின் மேலும் அது தாங்கும் விசை எண்ணாக வந்து நின்றது. ஓரத்து நெட்டுக்கம்பியில் மட்டும் பூஜ்யம்.

அத்தை குனிந்து பார்த்தார்.

“இது தண்டத்துக்குத்தானே நிக்குது? எடுத்துடும்மா.”

தண்டத்துக்கு நிற்பதை எடுத்துவிடலாம் என்று அத்தை வாயிலிருந்தே வருகிறதே! அவளுக்குக் குஷி தாங்கவில்லை. கம்பியை அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள்.

கணக்கு நின்றுபோனது. கட்டமைப்பு நிலைக்காது என்றது திரை.

அவள் அசரவில்லை. கம்பியைத் திரும்ப வைத்தாள், கணக்கு ஓடியது. எடை தூக்காவிட்டாலும் கம்பிகள் சேரும் அந்த இணைப்பை ஆடாமல் பிடித்திருப்பது இதுதான், எடுத்தால் மொத்தமும் போச்சு என்று கணீரென்று விளக்கினாள்.

சொல்லி முடித்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி அந்த வாக்கியத்தை எந்த முகத்தோடு சொல்வது?

அத்தையின் முகம் அவளுடையதைவிட வாடிப்போயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாளையிலேர்ந்து நீ பட்டறைக்கு வர வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். உன் புருஷன்தான், ‘நீயே பக்குவமா சொல்லிடும்மா’ன்னு அனுப்பி வெச்சான்.”

அவனோடு சேர்ந்து தான் எடுத்திருந்த முடிவை மருமகளும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது.

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, இருவரும் ஒரே குரலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.