பச்சைத் தண்ணீர்

அவள் டார்ச்சை அண்ணனின் இறால் குட்டைப் பக்கம் அடித்தாள்.

இறால் மேலே வந்துவிட்டது. கரையோரம் முழுக்க மீசைகள். தண்ணீருக்குள் காற்று தீர்ந்தால்தான் அப்படி வரும்.

மின்சாரம் போய் வெகுநேரமாகிவிட்டது. விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

தண்ணீரைப் பச்சையாக்கும் இந்தப் பாசி ஒரு குணம் கெட்ட சாதி. வெயில் இருக்கும்வரை தண்ணீருக்குக் காற்றை அள்ளிக் கொடுக்கும். இருட்டிவிட்டால் அதுவும் இறாலோடு சேர்ந்து காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். நேற்றுப் பகல் முழுக்க மூட்டம் வேறு. கொடுத்ததே சொற்பம்.

அண்ணன் வைரக்கண்ணுவின் குட்டையில் பாசி மண்டிக் கிடந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தால் இறால் கொழுக்கும் என்று உரத்தைக் கொட்டியிருந்தான். யார் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. அப்பாவின் நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து அவளும் எதையும் சொல்வதில்லை.

அவளிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அவள் குட்டையில் தண்ணீரைச் சிலுப்பிக் காற்றேற்றும் சக்கரங்கள் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சின்னது. இரண்டு குட்டைக்கு இழுக்காது.

அவள் குட்டையில் பச்சை குறைவு. சக்கரம் ஓடாவிட்டாலும் விடியும்வரை தாங்கலாம்.

தாங்காமலும் போகலாம். இந்த வருஷத்துப் பாடு மொத்தமும் அதற்குள்தான் இருந்தது.

அண்ணன் தன் கரையில் நின்றான். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டான். அந்த வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஜெனரேட்டரை அணைத்தாள்.

"நம்ம இறாலுந்தான் மூச்சு விடுது" என்றான் கணவன் அஞ்சப்பன். சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினான்.

அண்ணன் குட்டையில் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து தன் குட்டையில் இறங்கினாள். துடுப்பை ஓங்கித் தண்ணீரை அடித்தாள். நுரைத்தால் கொஞ்சமாவது காற்று இறங்கும். அஞ்சப்பன் ஒரு தகரத்தோடு எதிர்மூலைக்குப் போனான்.

கிழக்கு வெளுத்தது. வெயில் வரவில்லை. அவள் முழங்கையில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள். மீசை.

இன்னும் வேகமாக அடித்தாள். தோள் விட்டுப்போயிற்று.

பக்கத்தில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணன். இடுப்பளவுத் தண்ணீரில் வெறுங்கையால் அடித்துக்கொண்டே வந்தான்.

"கை ஓஞ்சிருக்கும். நீ கரைக்குப் போ தங்கச்சி."

அவள் போகவில்லை. துடுப்பை அவனிடம் நீட்டிவிட்டு, கையால் அடிக்கத் தொடங்கினாள்.