இன்னும் வராத பயிற்சியாளர்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் மூன்றாவது மாடி அரங்கில் மேனேஜர் ஞானமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது.

‘எல்லோருக்குமான பணியிடம், கூட்டுத் தலைமைக்குச் செய்முறைப் பயிற்சி’ என்று மேடையில் பதினாறடிக்கு பேனர். அதில் பாதியிடத்தில் ஞானமுத்துவின் முகம். நாற்பது சூப்பர்வைசர்கள் போண்டாவை முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு எம்.டி. வருகிறார். இது சொதப்பினால் வேலை போய்விடும் என்று அவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். பயிற்சி கொடுக்க வேண்டிய திருச்சி பிரவீணாவையோ காணோம். ஒருவழியாகச் செல்போனில் கிடைத்தாள்.

“எங்க மேடம் இருக்கீங்க? என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க!”

“ஒம்போது மணிக்கே வந்துட்டேன் சார். கீழ வாசல்லதான் இருக்கேன்.”

“அப்ப ஏறி வர வேண்டியதுதானே? உங்களுக்கென்ன, காலா இல்ல?”

“ஆமா சார், இல்ல. சக்கர நாற்காலியில இருக்கேன். இங்க லிஃப்டும் இல்ல.”

ஞானமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

“மாதாவே! மன்னிச்சிடுங்க மேடம். நாலு பேர அனுப்பித் தூக்கியாறச் சொல்றேன். எம்.டி. வர்றதுக்குள்ள ஆரம்பிச்சாகணும்!”

“அவரும் வந்தாச்சு சார். என் பக்கத்துலதான் படியில உக்காந்திருக்காரு. பயிற்சி ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு.”