கூட வந்தவன்

உப்பளத்து வரப்பில் மகன் சிலம்பரசன் ராணுவ உடுப்போடு வருவதைப் பார்த்ததும், சுலோசனா உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள்.

"எத்தினி நாள் லீவுடா?"

"லீவு இல்லம்மா. டூட்டி."

"பாலம் கட்டுற யூனிட்டுக்கு மரக்காணத்துல என்னடா டூட்டி?" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அடுத்த பாத்தியிலிருந்து மலர்கொடி ஓடி வந்தாள். அவள் மகன் முரளியும் அதே யூனிட்தான்.

"டேய் சிலம்பு, எங்க முரளி வர்லியா?"

"வந்திருக்கான் அத்தே. ரோட்டுல, வண்டியில இருக்கான்."

"இறங்கி வர்றதுக்கு என்னவாம் அவனுக்கு?"

சிலம்பரசன் தொப்பியைக் கழற்றினான்.

"மாமாவுக்கு நேத்தே போன் பண்ணிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. எங்க யூனிட்ல நூறு வருஷமா ஒரு வழக்கம் அத்தே. பாலம் போடறப்ப எவனையாவது ஆறு இழுத்துக்கிச்சுன்னா, பெட்டியைத் தனியா ஊருக்கு அனுப்ப மாட்டாங்க. கூட ஊர்க்காரன் ஒருத்தன் வரணும்."