நெவில் சொல்லும் தோல்வி

மதியம் மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் மைதானத்து விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் தூறல் தரைக்கு வராமல் அப்படியே தொங்குவது போலிருக்கிறது. சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் ஹாத்தர்டன் கால்பந்து அணி இன்னும் ஒரு படி கீழே, பேர் தெரியாத லீக்குக்குப் போய்விடும். தகரக் கூரைக்கடியில் எங்கள் வரிசையில் யாரும் இன்று என்ன ஸ்கோர் வரும் என்று சொல்லவில்லை. அது நெவிலின் வேலை. "நாலு கோல் வாங்கப் போறோம். நம்ம கோல்கீப்பர் பந்து பிடிக்கவா வர்றான், வேடிக்கை பாக்க வர்றான்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சலித்துக்கொள்வான். ஜெயிப்போம் என்று வாய்விட்டுச் சொன்னால் ஜெயிக்க மாட்டோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அவனைப் புதைத்தோம். அவன் இருக்கையில் அவன் மனைவி டோரீன், அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோட்டின் கை அவளுக்கு ரொம்ப நீளம். ஆவி பறக்கும் காகிதக் கோப்பையை வெறும் கோட்டுக்கைகளே பிடித்திருப்பது போலத் தெரிகிறது. "நீதான் சொல்லணும், டோரீன். அவன் சொல்ற மாதிரியே சொல்லிடு" என்கிறான் முன்வரிசை கிளைவ், திரும்பாமலே. அவள் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். "எப்படி இருக்கீங்கன்னு ஆஸ்பத்திரில நர்ஸ் அவர்கிட்ட கேட்டா. 'சனிக்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன், பாரு'ன்னாரு. வாயைப் பொத்தப் போனேன், கிளைவ். அதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டாரு." ஆட்டம் தொடங்கும் விசில் ஒலிக்கிறது. எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடி வருகிறான். டோரீனின் உதடு பிரிகிறது: "நம்ம கோல்கீப்பர் பிடிச்சிடு—" நெவிலின் கோட்டுக்கை மெல்ல உயர்ந்து அவள் வாயைப் பொத்துகிறது.