சுவரோரக் குழி

“யாரைக் கேட்டு என் செவுத்தண்ட குழி தோண்டிக்கினு கீற?”

செங்கல்வராயன் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் இடுப்பளவு குழிக்குள் நின்றபடி கடப்பாரையைச் சாய்த்து வைத்தான்.

தங்கள் ஊரான நகரி ஆந்திராவில் இருக்க வேண்டுமா, சென்னை மாநிலத்தோடு சேர வேண்டுமா என்று வாய்ச்சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் இவர்கள். திருத்தணி சென்னைக்குப் போய், நகரி ஆந்திராவிலேயே நின்று, எல்லையும் முடிவாகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. இன்றுதான் முதல் வார்த்தை.

“என் எடத்துலதான் தோண்டறேன். செவுத்துலேர்ந்து ஆறடி தள்ளித்தான் கீது.”

“எதுக்குக் குழி?”

“ஓட்டு மேல உழற மழைத் தண்ணி எல்லாம் தெருவுல ஓடிப்போவுது. எறவாணத்துல தகரம் கட்டி, குழாய் வெச்சி இதுல எறக்கப் போறேன். அடியில கருங்கல்லு, மேல ஜல்லி, அதும்மேல மணலு. தண்ணி மெதுவா மண்ணுக்குள்ள போவும்.”

“தண்ணிய மண்ணுல கொட்டறதுக்கு மெனக்கெட்டு ஒரு குழியா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?”

செங்கல்வராயன் குழியைச் சுற்றி வந்தார். நிலத்தின் சரிவைக் கண்ணால் அளந்தார்.

“உன் கிணறு கெழக்கால கீது. பள்ளம் மேக்கால, என் கிணத்துப் பக்கமா போவுது. அப்போ இந்தத் தண்ணி எங்க வந்து சேரும்?”

முனிகிருஷ்ணன் கடப்பாரையை எடுத்து மறுபடி மண்ணைக் குத்தினான்.

“வாய் அடைச்சிப் போச்சா? உன் ஓட்டு மேல கீற காக்கா எச்சம் எல்லாம் என் கிணத்துல கலக்கணும். அதான உன் திட்டம்?”

“மொதல் மழைய தெருவுக்கே உட்டுடுவேன். கூரை கழுவினப்புறம்தான் குழாயைத் திருப்புவேன்.”

“மனசு சுத்தமா இருந்தா உன் கிணத்தண்ட தோண்டியிருப்ப. இரு, கர்ணத்தைக் கூட்டியாறேன். இப்பவே மூட வெக்கறேன்.”

சத்தம் கேட்டு முனிகிருஷ்ணன் மனைவி யசோதா வெளியே வந்தாள். செங்கல்வராயன் மனைவி தாட்சாயணியும் வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“கர்ணம் வேணாண்ணா.” முனிகிருஷ்ணனின் குரல் இறங்கியிருந்தது. “என் கிணறு சித்திரையிலயே வத்திப்போச்சு. ஆனா என் ஊட்டு அண்டாவுல ஒருநாளும் தண்ணி கொறையல. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு, விடியறதுக்குள்ள யசோதா உங்க கிணத்துலேர்ந்து மொண்டுக்கினு வரா. உங்க ஊட்டு அண்ணிதான் அவளைக் கூப்பிட்டு உடறாங்க. அந்தத் தண்ணிய உங்களுக்குத் திருப்பித் தர எனக்கு வேற வழி தெரியல.”

யசோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாட்சாயணி பயத்தோடு கணவர் முகத்தைப் பார்த்தாள்.

செங்கல்வராயன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“அடப்பாவி, உனக்கும் தெரியுமா?” என்றார். “கிணத்து ராட்டினம் கிறீச்சுன்னா நீ எழுந்துக்கினு அவளைத் தடுத்துடுவியேன்னு, இவளுக்கும் தெரியாம அதுக்கு எண்ணெ ஊத்திக்கினு வர்றதே நான்தான்டா!”